கழுவாத காசு

காலைக் காபிக்குக்கூடத் தரம் போடாமல் திருமலைசாமி குடித்ததில்லை. டம்ளரை விளிம்பில் பிடித்துத் தூக்குவார், ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்ப்பார், ஒற்றைக் கண்ணைச் சுருக்குவார்.

"நுரை பரவாயில்லை. நிறம் நேத்தைக்குக் கொஞ்சம் கம்மி. வெரி ஃபைன்னு வெச்சுக்கலாம்."

"குடிக்கறீங்களா, இல்ல பீரோவுல வெச்சுப் பூட்டிப் போடட்டுங்களா?" என்பாள் கோமளா. கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய எந்தச் சமையலுக்கும், காசுக்குப் போடும் நடுத்தரமான 'வெரி ஃபைன்'னுக்கு மேல் கிடைத்ததில்லை.

குடும்பத்து நூல்மில்லைத் தம்பி பார்த்துக்கொண்டார். அண்ணன் ஊரிலுள்ள பழைய காசுகளைப் பார்த்துக்கொண்டார். கோவை தொல்காசுக் கழகம் தொடங்கிய நாள் முதல் அவர்தான் தலைவர். தேர்தல் நடந்ததில்லை. நடத்தினால் என்ன என்று ஒருவர் ஒருமுறை கேட்டார். அவர் இப்போது தபால்தலை சேகரிக்கிறார். அமெரிக்காவில் காசைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து எண் போட்டுத் தருகிறார்களாம். இங்கே அந்த வேலையைத் திருமலைசாமியின் வாய் செய்தது. பொள்ளாச்சியிலிருந்து வெள்ளகோவில் வரைக்கும் எந்தப் பெட்டியில் எந்தக் காசு கிடைத்தாலும், அவர் லென்ஸை வைத்து ஒரு வார்த்தை சொன்னால் அது சொன்னதுதான்.

தன்னுடைய உடைமைகளில் ஒன்றுக்கு மட்டும் அவர் மிக உயர்ந்த தரம் கொடுத்திருந்தார். அது அவருடைய நெற்றி. அறுபதைத் தாண்டியும் ஒரு சுருக்கம் கிடையாது. தினமும் நாமம் இட்டுக்கொள்ளும்போது கண்ணாடியில் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். அச்சிலிருந்து இப்போதுதான் விழுந்த காசு மாதிரி இருக்கும்.

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை, கழக உறுப்பினர் பாலகோபாலிடம் இருந்த காலணா.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டாம் வருஷத்துக் காலணா. ஒருபக்கம் விக்டோரியா ராணி, மறுபக்கம் வருஷமும் மதிப்பும். அந்த வருஷத்துச் செம்புக் காலணா வேண்டுமானால் டவுன்ஹால் பக்கம் நடைபாதையிலேயே வாங்கலாம். இது அந்த ஜாதி இல்லை. ப்ரூஃப் காசு. கடையில் கொடுத்து வாங்க அடித்ததல்ல, அச்சைக் கண்ணாடியாகத் தேய்த்து மெருகேற்றி, துரைமார்களுக்குக் காட்டுவதற்கென்று அடித்தது. ராணியின் முகத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் பார்க்கிறவன் முகம் தெரியும். இத்தனை வருஷத்திலும் கறுக்காமல், அடுப்பிலிருந்து எடுத்த தணல் மாதிரிச் சிவந்திருந்தது. ராணியின் தாடைக்குக் கீழே கடுகளவு ஒரு கரும்புள்ளி. அவ்வளவுதான் குறை.

கோட்டைமேட்டுக் காசு வியாபாரி பீர் முகம்மதுவின் கைக்கு அது வந்த அன்று, திருமலைசாமி திருப்பதியில் இருந்தார். அவர் முடியைக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பாலகோபால் காசை வாங்கிவிட்டார். மொட்டைத் தலையும் லட்டுமாக ஊர் திரும்பியவருக்கு பீர் முகம்மது சொன்ன முதல் சேதியே அதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழகக் கூட்டம். பாலகோபால் கைக்குட்டையில் பொதிந்து காசைக் கொண்டுவந்தார். பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், கூச்ச சுபாவம். "தலைவரே, பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டினார். திருமலைசாமி லென்ஸை வைத்தார். ஒரு கீறல் இல்லை, ஒரு விரல் படவில்லை. பார்த்ததிலேயே சுத்தமான செம்பு.

லென்ஸை மடக்கி, "கழுவினது" என்றார்.

காசு உலகத்தில் அதைவிடக் கேவலமான வார்த்தை இல்லை. ஆசிட்டிலோ புளியிலோ தேய்த்துப் பளபளப்பு ஏற்றிய காசு, சாயம் பூசிய கிழவன் மாதிரி. கூட்டம் 'ச்சொ' கொட்டியது. பாலகோபால் மட்டும், "இன்னொருக்கா நல்லாப் பாருங்க தலைவரே" என்றார். "நான் ஒருக்காப் பாத்தாப் போதுமுங்க" என்று தலைவர் போண்டாவை எடுத்தார்.

அதற்கப்புறம் பாலகோபால் கூட்டத்துக்கு வரவில்லை. வருஷம் திரும்புவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

ராமநாதபுரத்தில் அவர் வீட்டுக்குத் தலைவர் மலர்வளையத்தோடு போனார். வளையத்தில் செத்தவர் பெயர் சிறிதாகவும் தலைவர் பெயர் பெரிதாகவும் இருந்தன. வெயில் ஏறாத காலை. கூடத்தில் பெஞ்சின்மேல் பாலகோபாலைக் கிடத்தியிருந்தார்கள். மூக்கில் பஞ்சு, கட்டை விரல்களில் கட்டு, நெற்றியில் சந்தனத்தை அப்பி அதன்மேல் காசு.

வளையத்தைக் காலடியில் வைத்து நிமிர்ந்த திருமலைசாமியின் கண் அந்தக் காசில் நின்றது. ராணியின் முகம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. செக்கச் சிவப்பு. தாடைக்குக் கீழே கடுகளவு புள்ளி.

"ஏனுங்க அம்மணி," என்றார் பாலகோபாலின் மனைவி பத்மாவதியிடம். "நெத்தியில... அந்தக் காசுங்களா?"

"அதேதானுங்க." பத்மாவதி அழுது முடித்திருந்தாள். "ஊடு பூராக் காசு. நெத்தியில வெக்க ஒரு ரூவா தேடுனா ஒண்ணையுங் காணம். எல்லாம் டப்பாக்குள்ள. ஒரு நாளு என்னையத் தொட உட்டதில்லைங்க. அதான், இதையே வெச்சு அனுப்பிப்போடலாம்னு எடுத்தேன். கழுவினதுன்னு நீங்க சொல்லிப்போட்டீங்களே, அப்பறம் அதுக்கென்ன மருவாதி?"

திருமலைசாமி கும்பிட்டபடி நின்றார். துக்கத்தில் நிற்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் தரம் போட்டுக்கொண்டிருந்தார். சந்தனம் பின்பக்கம் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது, ராணி பக்கத்தில் எதுவும் படவில்லை. காசுக்குக் கீழே நெற்றியில் மூன்று சுருக்கக் கோடுகள். நடுக்கோடு இடது பக்கம் அறுந்து, மீண்டும் தொடர்ந்தது. வேண்டாமென்றாலும் அவர் கண் அதையும் குறித்துக்கொண்டது. இன்னும் சற்று நேரத்தில் ஆத்துப்பாலம் மயானம். நெற்றிக் காசு அங்கே வேலை செய்கிறவருக்கு உரியது. ராத்திரிக்குள் அது ஏதாவது பெட்டிக்கடைக் கல்லாவில் கிடக்கும்.

"வண்டி வந்திருச்சு" என்று வாசலில் யாரோ சொன்னார்கள். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

ஒப்பிட்டுக் காட்டுவதற்கென்று தேய்ந்த காலணா ஒன்று அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதே ராணி, கண்ணும் மூக்கும் மழுங்கிப்போனவள். முகத்தருகே குனிந்தார். அந்த அவசரத்திலும் விரலைக் காசின் முகத்தில் வைக்கவில்லை, விளிம்பைத்தான் நகத்தால் நெம்பினார். வரவில்லை. மறுபடி நெம்பினார். நெற்றித் தோல் காசோடு கொஞ்சம் எழும்பி வந்து, மனமில்லாமல் விட்டது. விட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். அதன்மேல் தேய்ந்த ராணியை வைத்து அழுத்தினார். நிமிர்ந்தபோது பத்மாவதி அவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"பாவம், பூச்சி ஒக்காந்திருந்துச்சுங்க" என்றார்.

"செரிங்க" என்றாள் அவள்.

கருமாதி வரைக்கும் எல்லாம் நன்றாகவே போயிற்று. காசைப் பஞ்சால் ஒற்றி, நீல வெல்வெட் பெட்டியில் வைத்து, பீரோவில் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். தினமும் மத்தியானம் எடுத்துப் பார்ப்பார். சேலத்துப் பழைய குடும்பம் ஒன்றிலிருந்து கிடைத்ததாக ஒரு கதையைக்கூடத் தயார் செய்துவிட்டார். வருஷாந்திரக் கண்காட்சியில் வைக்கலாம். தரம் யார் போடுவது? அவர்தான்.

ஒரு மத்தியானம், ராணியின் முகத்துக்கு முன்னாலுள்ள கண்ணாடிப் பரப்பில் மயிரிழை போல ஏதோ தெரிந்தது. ஊதினார், போகவில்லை. மறுநாள் அது மூன்றாக இருந்தது.

முதலில் அவர் பயப்படவில்லை. செம்பைத் தொட்டால் செம்பு மறக்காது. தொட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது, நாள் போகப் போகத் தோலின் எண்ணெய் உள்ளே இறங்கிப் பழுப்பாக எழும்பும். கழகத்தில் இதைப் பற்றிப் பேசியே அவர் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைச் சாகடித்திருக்கிறார். செத்தவர் தோலில் ஒட்டியிருந்த காசு, கோடு விழாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்து முடிப்பதற்குள் காசைப் புரட்டிப் பார்த்தார்.

தோலில் ஒட்டியிருந்தது பின்பக்கம். அது அப்பழுக்கில்லாமல் இருந்தது. கோடுகள் விழுந்திருந்தது ராணி பக்கத்தில், மேலே பார்த்துக் கிடந்த பக்கத்தில்.

லென்ஸை எடுத்தார். நடுக்கோடு இடது பக்கம் அறுந்து, மீண்டும் தொடர்ந்தது.

நாலைந்து நாள் பெட்டியைத் திறக்கவில்லை. பிறகு, தன் கண்ணில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, காசை எடுத்துக்கொண்டு மாருதி காரில் கோட்டைமேட்டுக்குப் போனார். பீர் முகம்மதுவின் கடை மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. ஒரு மேஜை, ஒரு டியூப்லைட், சுவரில் ஒரு கண்ணாடி. மேஜைக்கு இந்தப் பக்கம் தலைவரும் அந்தப் பக்கம் பாயும் உட்கார்ந்தார்கள்.

"பாய், இதைப் பாருங்க. சேலத்துல கெடைச்சது. ராணி பக்கத்துல கோடு கீடு தெரியுதுங்களா?"

பீர் முகம்மது காசை விளிம்பில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "மாஷா அல்லா. கண்ணாடியாட்டம் இருக்குதுங்க. கோடெல்லாம் ஒண்ணுமில்ல." லென்ஸை வைத்துக் குனிந்தார். கொஞ்ச நேரம் லென்ஸைக் காசின்மேல் ஓட்டினார். "தலைவரே, பின்னால நின்னு எட்டிப் பாக்காதீங்க. நெழல் உழுகுது."

"நான் இங்கல்ல பாய் ஒக்காந்திருக்கேன்."

பீர் முகம்மது நிமிர்ந்தார். எதிரே உட்கார்ந்திருந்த திருமலைசாமியைப் பார்த்தார். மெதுவாகத் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். சுவர்தான் இருந்தது. காசை வெல்வெட்டில் வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"யாரு தெரிஞ்சாங்க?" என்றார் திருமலைசாமி.

"மொகமெல்லாம் தெரியலீங்க. நெத்திதான். மூணு கோடு." அவர் பார்வை திருமலைசாமியின் முகத்தில் நின்றது. "உங்களுதுதானுங்க அது. நடுக்கோடு அறுந்திருக்குதுல்ல, அதே மாதிரி."

"என் நெத்தியில ஏதுங்க கோடு?"

பாய் சுவர்க் கண்ணாடியைக் காட்டினார். திருமலைசாமி எழுந்து போய்ப் பார்த்தார். நெற்றியில் குறுக்காக மூன்று கோடுகள், கத்தியால் கீறினது போல. வைணவக் குடும்பத்து நெற்றியில் யாரோ பட்டை போட்டுவிட்ட மாதிரி. விரலால் இழுத்துப் பார்த்தார். தோல் விரிந்தது, கோடு விரியவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றார் பீர் முகம்மது. "தாடைக்குக் கீழ அந்தப் புள்ளி. வித்தவன் நானு. அந்த வாத்தியார் காசு கழுவினதுன்னு நீங்க சொன்னீங்க. இது கழுவாதது."

"இது வேற காசு பாய்."

"வேறயாவே இருக்கட்டுங்க. கடைக்குள்ள வெக்க வேண்டாம், எடுத்துக்குங்க."

அன்றிலிருந்து தலைவர் நாமத்தை அகலமாகப் போட ஆரம்பித்தார். கழகத்தில் பக்தி கூடிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். கோமளாதான், "என்னங்க, வாசக்காலுக்கு வெள்ளை அடிச்ச மாதிரி?" என்று கேட்டாள். அவர் நெற்றியை அவள் பக்கம் திருப்பவே இல்லை.

அந்த வாரமே பத்மாவதி வீட்டுக்கு வந்தாள். வந்தவள் காபியைத் தொடவில்லை.

"ஒரு காரியமாத்தானுங்க வந்தேன். வர்ற ஞாயித்துக்கெழமை அவருக்கு எரங்கல் கூட்டம் வெச்சிருக்கீங்களாம். அங்க எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லோணும். அந்தக் காசு கழுவாததுன்னு."

திருமலைசாமி தொண்டையைச் செருமினார். "அம்மணி, தரங்கறது..."

"வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போறப்பக்கூட அதையேதான் சொன்னாருங்க. 'கழுவலே பத்மா, கழுவலே'ன்னு. இத்தன வருசம் புள்ளைங்களுக்குப் பாடம் சொன்ன மனுசன், களவாணி மாதிரித் தலையக் குனிஞ்சுட்டுத் திரிஞ்சாரு. காசுதான் அவரோடயே போயிருச்சே. இப்பச் சொல்றதுல உங்களுக்கென்ன கொறஞ்சு போகுது?"

கொறஞ்சு போவது என்னவென்று திருமலைசாமிக்குத் தெரியும். ஒரு தரத்தை மாற்றினால் இதுவரை போட்ட அத்தனை தரமும் கேள்விக்குள்ளாகும். பொள்ளாச்சியிலிருந்து வெள்ளகோவில் வரை ஒவ்வொரு பெட்டியும் திறக்கும். "ஒருக்காப் போட்ட தரம் போட்டதுதானுங்க அம்மணி" என்றார். சொல்லும்போது வேர்த்தது. வேர்வையில் நாமம் கரைந்தது.

பத்மாவதி எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் நெற்றியைப் பார்த்தாள். கை தானாக நீண்டு, பாதியில் நின்றது. காய்ச்சல் பார்க்கப் பழகிய கை.

"அவருக்கும் இப்படித்தானுங்க இருக்கும்" என்றாள் மெல்ல. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு திருமலைசாமி கட்டிலில் மல்லாந்து கண்ணயர்ந்தார். பீரோ பூட்டியிருந்தது. சாவி அரைஞாணில் இருந்தது. கோமளாவின் அலறலில்தான் விழித்தார். அந்த வீட்டில் தாய்மொழியான தெலுங்கு வெளியே வருவது பயத்திலும் கோபத்திலும் மட்டும். அவள் தெலுங்கில் பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்திருக்கப் பார்த்தார். தலை எழும்பவில்லை. நெற்றியின் நடுவே சில்லென்று ஒரு கனம், யாரோ விரலை வைத்து அழுத்திப் பிடித்திருப்பது போல. தன் முகத்தைத் தானே மேலிருந்து பார்ப்பதாக ஒரு கணம் தோன்றியது. மூக்கில் பஞ்சு இருக்கிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்தார். சந்தன வாசனை வந்தது.

கோமளா பல்லைக் கடித்துக்கொண்டு அதை நகத்தால் நெம்பினாள். தோல் எழும்பி, விட்டது.

"என்னங்க இது? உசுரோட இருக்கற மனுசன் நெத்தியில காசை வெச்சுட்டுத் தூங்குவாங்களா? புத்தி கெட்டுப் போச்சா?"

அவர் அரைஞாணைத் தடவினார். சாவி அங்கேதான் இருந்தது. பீரோவைத் திறந்தார். வெல்வெட் பெட்டி மூடினபடி இருந்தது, உள்ளே காலி. கட்டிலின் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர் காதில், சமையலறையிலிருந்து பரக் பரக்கென்று ஒரு சத்தம் விழுந்தது. அந்தச் சத்தம் என்னவென்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. எழுந்து ஓடினார்.

கோமளா குழாயடியில் நின்றிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் செம்புச் சொம்பையும் பூஜைத் தட்டையும் தேய்க்கிற அதே கை, அதே புளி, அதே கல் உப்பு.

"எளவுக் காசை அப்படியே உடமுடியுங்களா? புளி போட்டு நல்லா வெளக்கிப்போட்டேன். பாருங்க, எப்படி மின்னுதுன்னு."

உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பச்சைப் புண் மாதிரி இளஞ்சிவப்பாக மின்னியது. கண்ணாடி போய்விட்டது. ராணியின் முகமெங்கும் உப்புக் கீறல். கோடுகளும் இல்லை. உலகத்தில் எந்தக் குருடனும் விரலால் தடவியே சொல்லிவிடுவான், கழுவினது.

தான் போட்ட தரங்களிலேயே முழுக்கத் தப்பானது ஒன்றுதான் என்று திருமலைசாமி அறிந்திருந்தார். இப்போது அதுவும் சரியாகிவிட்டது. கூடத்துக் கண்ணாடிக்குப் போய் நெற்றியைப் பார்த்தார். மூன்று கோடுகளும் அங்கேயே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காந்திபுரம் லாட்ஜ் ஹாலில் கூட்டம். மேஜைமேல் மாலை போட்ட பாலகோபாலின் படம். படத்தில் நெற்றிக் கோடுகள் மூன்றும் தெளிவாக விழுந்திருந்தன. பத்மாவதி முன்வரிசையில் இருந்தாள். பீர் முகம்மது கதவோரம் நின்றார். தலைவர் நாமம் இடாமல் வந்திருந்தார். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் மைக்கைப் பிடித்தார். ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே கழித்த களைப்பு குரலில் இருந்தது.

"பாலகோபாலோட காலணா கழுவாத காசு. நான் பாத்ததுலயே சுத்தமான காசு. கழுவினதுன்னு சொன்னது பொய். தெரிஞ்சே சொன்னேன்."

கைதட்டல் எழுந்தது.

"தலைவர் மனசு யாருக்கு வருமுங்க!" என்று பொருளாளர் எழுந்தார். "ஊட்டுக்காரம்மா சங்கடப்படக் கூடாதுன்னு, பழியத் தன்மேல போட்டுக்கறாரு பாருங்க!"

"ஏனுங்க, நான் நெசமாச் சொல்றேன்," என்று தலைவர் கத்தினார். சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து நீட்டினார். "இதுதான் அந்தக் காசு! பாருங்க!"

காசு கை கை மாறிப் போயிற்று. லென்ஸ்கள் திறந்தன. ஆளாளுக்குத் தலையை ஆட்டினார்கள். அவரிடம் கற்றவர்கள் தப்பாகச் சொல்வார்களா?

"கழுவினதுங்க தலைவரே. பளிச்சுன்னு தெரியுது."

"புளிங்க. உப்புக்கூட இருக்குது."

"அப்பவே நீங்க சொன்னது எத்தனை கரெக்டு பாருங்க!"

மறுபடி கைதட்டல். கடைசியாகக் காசு பத்மாவதியிடம் வந்தது. அவள் அதைப் பிடிக்கிற முறையெல்லாம் பார்க்கவில்லை. கட்டை விரலால் ராணியின் முகத்தை அழுத்தித் தடவினாள். எழுந்துவந்து, திருமலைசாமியின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"அன்னைக்கு நீங்க பூச்சி எடுத்ததைப் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்" என்றாள், அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி. "அவர் நெத்தியில இருந்தது அவரோட போயிருச்சு. இது உங்களுதுங்க. நீங்களே வெச்சுக்குங்க."

அதற்கப்புறமும் திருமலைசாமிதான் தலைவர். யாராவது காசு கொண்டுவந்து நீட்டினால் இப்போதெல்லாம் அவர் லென்ஸை எடுப்பதில்லை. கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "கழுவலே, கழுவலே" என்கிறார். ஆசிட்டில் ஊறினதும் அதேதான், புளியில் புரண்டதும் அதேதான். வெள்ளகோவிலில் அவர் சொல்லுக்கு இன்று ஒரு டீ கிடைக்காது.

காபியை மறுபேச்சில்லாமல் குடித்துவிடுகிறார். கோமளாவுக்கு அதில் சந்தோஷம். அவளுக்குப் பிடிபடாதது ஒன்றுதான். மத்தியானமோ ராத்திரியோ அவர் கட்டிலில் படுப்பதில்லை. சாய்வு நாற்காலியைக்கூடப் பரணில் ஏற்றிவிட்டார். சுவரோரமாக மர நாற்காலியைப் போட்டு, முதுகை நிமிர்த்தி, எதையும் நெற்றியில் நிற்கவிடாதபடி தலையை முன்னால் தொங்கப்போட்டு உட்கார்ந்தே தூங்குகிறார். கண் சொருகித் தலை மெல்லப் பின்னால் சாயும்போதெல்லாம் திடுக்கிட்டு விழித்து, நெற்றியைத் தடவிப் பார்க்கிறார்.

சில நாள் அவர் தடவிப் பார்த்த விரலில் சந்தனம் இருக்கிறது.